ஒத்து ஊதும் கூடு

பழைய அம்பாசிடரில் நெடுஞ்சாலைப் பயணம் போனவர்களுக்கு அந்த ஓசை நினைவிருக்கும். ஊருக்குள் ஊர்ந்து போகும்வரை வண்டி சாதுவாக இருக்கும். வேகமானியின் முள் எழுபதைத் தாண்டும்போது காலடியிலிருந்து ஓர் உறுமல் கிளம்பும். கதவுக் கண்ணாடி சிலிர்க்கும். கியர் கம்பியின் தலை நடுங்கும். பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். காதில் கேட்பதைவிட நெஞ்சுக்கூட்டில் உணர்வதே அதிகம். ஓட்டுகிறவர் இன்னும் கொஞ்சம் மிதித்தால் எண்பதுக்கு மேல் அது தானாக அடங்கிவிடும். காலை எடுத்தால் அறுபதிலும் அடங்கிவிடும். இடையிலுள்ள சிறு எல்லைக்குள்தான் அதன் ஆட்சி.

நாம் உடனே பழி போடுவது சைலன்சர்மீது. சத்தத்தை அடக்குவதற்கென்றே பிறந்த பொருள் அது. சத்தம் வந்தால் அதைத்தானே கேட்கத் தோன்றும். ஆனால் புதுச் சைலன்சர் போட்டும் உறுமல் போகாத வண்டிகள் உண்டு. அறுபதில் இல்லாத குற்றம் எழுபதுக்கு மேல் எங்கிருந்து வந்தது, எண்பதில் எங்கே போனது என்ற கேள்விக்குச் சைலன்சரிடம் மட்டும் விடை கிடைக்காது.

விடை ஓர் எளிய கணக்கில் இருக்கிறது. நான்கு சிலிண்டர் இன்ஜினில் சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் நொடிக்கு 100 துடிப்பு. நொடிக்கு 100 முறை அதிரும் ஒலி காற்றில் நீட்டிக்கொள்ளும் அலையின் நீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர். அதில் பாதி 1.7 மீட்டர். டேஷ்போர்டிலிருந்து பின்சீட்டின் சாய்மானம்வரை ஒரு காரின் உள்ளறை கிட்டத்தட்ட அவ்வளவுதான். வெளியே பிறக்கும் துடிப்பும் உள்ளே அடைபட்ட காற்றின் அளவும் ஒன்றையொன்று கண்டுகொள்ளும் அந்த வேகத்தில் உறுமல் பிறக்கிறது. இன்ஜின் ஊதுகிறது, கூடு ஒத்து ஊதுகிறது.

இதைத்தான் நம் இயற்பியல் பாடநூல் ஒத்ததிர்வு என்கிறது. அந்தச் சொல்லின் தலையில் இருக்கும் ஒத்து நமக்குப் பழக்கமானதுதான். நாதஸ்வரக் கச்சேரியில் ஒருவர் ஓரமாக நின்று, ராகம் எதுவும் வாசிக்காமல், ஒரே சுருதியை விடாமல் ஊதிக்கொண்டிருப்பாரே, அவர் கையிலிருக்கும் குழலின் பெயர் ஒத்து. அதிலிருந்து பிறந்த வழக்கு, பிறர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறவனைப் பார்த்து நாம் சொல்லும் 'ஒத்து ஊதுகிறான்' என்பது. மோரிஸ் ஆக்ஸ்போர்டின் உருவை வாங்கிப் பிறந்து, கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் 2014 வரை செய்யப்பட்ட அம்பாசிடருக்கு இடையில் இன்ஜின்கள் பல முறை மாறின. கூடு பெரிதாக மாறவில்லை. ஊதுகிறவர் மாறினாலும் ஒத்துக்காரர் மாறாத கச்சேரி அது.

இன்ஜினின் உள்ளே இன்னொரு பாடமும் இருக்கிறது. நான்கு பிஸ்டன்களில் இரண்டு ஏறும்போது இரண்டு இறங்குகின்றன. பார்க்கிறவர் கண்ணுக்குத் தராசு நேராக நிற்கிறது. ஆனால் கனெக்டிங் ராடு சாய்ந்து சாய்ந்து இயங்குவதால், பிஸ்டன் தன் பாதையின் மேற்பாதியை விரைவாகவும் கீழ்ப்பாதியைச் சற்றே நிதானமாகவும் கடக்கிறது. எண்ணிக்கையில் சமம், விசையில் மிச்சம். அந்த மிச்சம் சுற்றுக்கு இரண்டு முறை இன்ஜினை மேலும் கீழும் உலுக்குகிறது. வெடிப்பும் சுற்றுக்கு இரண்டு, உலுக்கலும் சுற்றுக்கு இரண்டு. இரண்டும் கைகோத்துக்கொள்கின்றன. ஆங்கிலேயப் பொறியாளர் ஃபிரெடரிக் லாஞ்செஸ்டர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதற்கு மருந்து கண்டார். இன்ஜினைப்போல் இரு மடங்கு வேகத்தில், ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுழலும் இரு தண்டுகளின் எடையால் அந்த மிச்சத்தை அவர் ஈடுகட்டினார். நம் பழைய வண்டிகளுக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. சொத்தை அங்குலம் பிசகாமல் பிரித்துக்கொண்ட பிறகும் மனம் ஆறாத அண்ணன் தம்பிகளை நாம் பார்த்திருக்கிறோம். அளவில் தீர்ந்த கணக்கு அழுத்தத்தில் தீராமல் கிடக்கும்.

அனுபவமுள்ள மெக்கானிக் சைலன்சரைத் தட்டிப் பார்ப்பதற்கு முன் அது தொங்கும் ரப்பரைக் கிள்ளிப் பார்க்கிறார். பிறகு இன்ஜின் உட்கார்ந்திருக்கும் ரப்பரையும் பார்க்கிறார். ரப்பருக்கு விதிக்கப்பட்ட வேலை எளிதன்று. பாரத்தைத் தாங்க வேண்டும், நடுக்கத்தை மறுபுறம் விடக் கூடாது. தாங்கப்படும் பாரத்தோடு சேர்ந்து அதற்கென ஓர் இயல்பதிர்வு உண்டு. அதைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேற்பட்ட துடிப்பைத்தான் அது தடுக்கும். அதற்குக் கீழே வருவதைத் தடுப்பதில்லை. ஓரளவு கூட்டியும் கொடுக்கும். வயதாகி வெயிலும் எண்ணெயும் பட்டு இறுகும்போது அந்த இயல்பதிர்வு மெல்ல உயர்கிறது. நேற்றுவரை வாசலில் மறித்த துடிப்பை இன்று அதுவே உள்ளே அழைத்து வருகிறது. இறுகிப்போன ரப்பர் உறுதியாகத்தான் தெரியும். உறவுகளிலும் இறுக்கத்தை உறுதி என்று எண்ணி ஏமாறுகிறோம். வீட்டில் ஒருவருக்கு ஏற்படும் சிறு நடுக்கம் எல்லோரையும் அப்படியே உலுக்குகிறதென்றால், அங்கே அன்பு குறைந்துவிட்டது என்று பொருளில்லை; இடையிலிருந்த நெகிழ்வு காய்ந்துவிட்டது.

பைப்பைப் பொருத்துவதிலும் ஒரு முறை இருக்கிறது. எல்லாக் கிளாம்புகளையும் தளர்த்திவிட்டு, குழாய் தனக்கு இசைவான கிடையில் படுத்த பிறகே முன்னிருந்து பின்னாக முடுக்க வேண்டும். இடத்துக்கு வராததை வளைத்துப் பிடித்து முடுக்கினால், அந்த முரண்டு குழாய்க்குள்ளேயே தங்கிப் பின்னால் அதிர்வாக வெளிவரும். தரையின் தகட்டில் ஒரே ஓர் இடத்தில் குழாய் உரசிக்கொண்டிருந்தாலும் போதும், மற்ற ரப்பர்களெல்லாம் செய்யும் தொண்டு வீணாகும்.

இதற்கெல்லாம் பொறுமை இல்லாதபோது நாம் கம்பளி விரிக்கிறோம். கால்மிதிக்குக் கீழே ஒன்று, அதற்குக் கீழே இன்னொன்று. தகட்டின் கிணுகிணுப்பு அதனால் ஓரளவு அடங்குவது உண்மையே. ஆனால் மூன்றரை மீட்டர் நீளத்துக்கு எழுந்து வரும் அலைக்கு அரை அங்குலக் கம்பளி எம்மாத்திரம்? சில்லறைத் தொல்லைகளை மூடிவைக்கலாம். ஆழத்திலிருந்து வருவது மூடியதைத் தூக்கிக்கொண்டு வரும்.

உறுமலுக்கென்றே கண்ட வழி ஒன்று உண்டு. புகைக்குழாயின் பக்கவாட்டில் முனை மூடிய கிளைக்குழாய் ஒன்றை இணைப்பது. புகைக்கு அதில் வழியில்லை. ஓசை மட்டும் உள்ளே போகிறது. மூடிய முனையில் முட்டி, போன வழியே திரும்பி, மூலக்குழாயை அடையும்போது அது அரை அலை பிந்தியிருக்கிறது. புதிய அலை முகடாக எழும் இடத்தில் இது பள்ளமாக வந்து சேர, இரண்டும் ஒன்றையொன்று விழுங்கிவிடுகின்றன. நொடிக்கு 100 துடிப்புக்கு அந்தக் கிளையின் நீளம், குழாயின் சூட்டையும் கணக்கில் கொண்டால், ஒரு மீட்டருக்குச் சற்று மேல். வெளியிலிருந்து எந்தப் பொருளையும் திணிக்காமல், ஓசையைக் கொண்டே ஓசையை அவிக்கும் வித்தை இது. நம் கோபத்துக்கும் அப்படி ஒரு கிளைவழி இருந்திருந்தால் என்று எண்ணாதவர் யார்? பிறந்த வேகத்திலேயே நாவுக்கு வந்துவிடும் சொல்லைச் சற்று நேரம் தனியறைக்குள் அனுப்பி, அதன் சுவரில் முட்டித் திரும்பவிட்டால், திரும்பி வருகிற அதே சொல் அடுத்து எழும் சினத்துக்கு எதிராக நிற்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் வண்டி ஊமையாகிவிடுவதில்லை, ஆகவும் வேண்டாம். பழைய வண்டிக்கு ஒரு குரல் இருக்கிறது. தெருமுனையில் திரும்பும்போதே வீட்டிலிருப்பவர்கள் அடையாளம் கண்டு கதவைத் திறக்கும் குரல் அது. நாம் களைய விரும்பியது அந்தக் குரலைக் கேட்கவிடாமல் செய்த உறுமலை மட்டுமே. இங்கேதான் ஒத்துக்காரரின் நினைவு மறுபடி வருகிறது. அவர் ஊதுவதும் இடைவிடாத ஒரே ஓசை. அதைக் கேட்டு நாம் காதைப் பொத்துவதில்லை. அதன்மேல் நின்று ஒரு ராகம் நடக்கிறது. தம்புராவும் அப்படியே. ஓயாத ஓசையைத் தொல்லையாக்குவதும் தவமாக்குவதும், அதன்மேல் நடப்பது என்ன என்பதைப் பொறுத்தது.

பருப்பொருள் ஒவ்வொன்றுக்கும் இயல்பதிர்வு உண்டு என்பது இயற்கையின் விதி. அதிலிருந்து காருக்கும் விலக்கில்லை, நமக்கும் விலக்கில்லை. உலகம் ஊதிக்கொண்டேயிருக்கும். புகழும் பழியும், கூட்டத்தின் ஆரவாரமும் அண்டை வீட்டுப் பொறாமையும் எல்லா வேகத்திலும் நம்மைத் தட்டிக்கொண்டேயிருக்கும். அவற்றில் பெரும்பாலானவை நம்மைத் தொடாமலே கடந்துபோக, ஏதோ ஒன்று மட்டும் நம் கண்ணாடிகளைச் சிலிர்க்கவைத்து, நம் பேச்சை நிறுத்தி, நெஞ்சுக்கூட்டை நிரப்பிவிடுகிறதென்றால், அதன் உரப்பு மற்றவற்றைவிடப் பெரிது என்பதாலன்று, அதன் அளவுக்குச் சரியான ஒரு வெற்றிடத்தை நாம் வெகுநாளாக உள்ளே வைத்திருக்கிறோம் என்பதால்தான். புகழ்ச்சிக்கு அதிர்கிறவன் பசித்திருந்தவன். பழிக்கு அதிர்கிறவன் தன்னைத் தானே முன்பே பழித்துக்கொண்டவன். ஊதுகிறவரை மாற்றுவது பெரும்பாலும் நம் கையில் இல்லை. எதற்கு ஒத்து ஊதுவது என்பது நம் கூட்டின் உரிமை.

அடுத்த முறை நெடுஞ்சாலையில் அந்த உறுமல் எழும்போது, காலைச் சற்றே எடுத்து அதை அடங்கவிடுவோம். ஊர் திரும்பியதும் சைலன்சரை மாற்றுவதற்கு முன் ரப்பரைக் கிள்ளிப் பார்ப்போம்; வண்டியிலும், வீட்டிலும்.