முருங்கைக்காக அழலாமா?

மேனாட்டார் இலையுதிர் காலம் என்று போற்றும் மாதங்களில் நம் கடற்கரை ஊர்களின் மரங்கள் மழையில் குளித்துப் பச்சை கூடுகின்றன. ஐப்பசியும் கார்த்திகையும் நம் முன்னோருக்குக் கூதிர்ப் பருவம். கடலூர் முதுநகரில் எங்கள் இல்லத்துக்கு அது சிறு இழப்புகளின் பருவமும்கூட. உப்பு ஜாடியில் நீர் கோக்கும். கொடியில் போட்ட துணி மூன்று நாளாகியும் காயாது. அப்பாவின் புத்தகங்களில் பூஞ்சை படரும். ஆயினும் மின்சாரம் நின்ற மாலைகளில் ஒரே விளக்கைச் சுற்றி அமர்ந்து, சுக்குக் காப்பியும் வறுத்த கடலையுமாகப் பேசிக் களித்த மகிழ்ச்சி வேறெந்தப் பருவத்திலும் வாய்த்ததில்லை. சிதம்பரத்தை அடுத்த சிற்றூரிலிருந்து அத்தை இரயிலேறி வந்துவிட்டால், சம்பா நடவின் கதைகளோடு அந்தப் பேச்சு நள்ளிரவுவரை நீளும்.

2015ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள், தீபாவளிக்கு முந்தைய நாள், காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடலூர் மாவட்டம் வெள்ளக்காடாயிற்று. பண்ருட்டிப் பகுதியில் பெரியகாட்டுப்பாளையத்திலும் விசூரிலும் வெள்ளம் வீடுகளையும் உயிர்களையும் வாரிச் சென்றது. அவ்விரவில் எங்கள் கொல்லையில் நின்ற முருங்கை முறிந்து விழுந்தது. எங்களுக்கு நேர்ந்த இழப்பு அவ்வளவே. விடிந்ததும் அதனருகே நின்று அம்மா அழுதார். "ஊரே வீடு வாசலை இழந்து நிற்கிறது, நீங்கள் முருங்கைக்காக அழுகிறீர்களே அம்மா!" என்று கடிந்துகொண்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான் சொன்னது நியாயந்தானா? உரோமையில் அடிமையாக வாழ்ந்து பின்னர் ஞானாசிரியராக விளங்கிய எபிக்டெட்டஸ், ஒரு குடத்தின்மீது பற்று வைக்கும்போதே அது உடையக்கூடிய குடம் என்பதை நினைவிற்கொள்ளச் சொன்னார். அப்போது அது உடைந்தாலும் மனம் கலங்காது என்றார். அதே பயிற்சியை மனைவி மக்களின் பிரிவுக்கும் நீட்டினார். அதில் ஓர் உறுதி உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால், தன் குடத்துக்குக் கலங்காதிருக்கப் பழகிய நெஞ்சு, குடமிழந்த அயலாளின் கலக்கத்தை எங்ஙனம் அறியும்? புனித அகுஸ்தினாரோ, 387ஆம் ஆண்டு தாய் மோனிக்கா மறைந்தபோது முதலில் கண்ணீரை அடக்கிக்கொண்டதையும், பின்னர் அடக்கமாட்டாமல் அழுததையும் ஒளிக்காமல் எழுதி வைத்தார். அழாதிருப்பதை அவர் புனிதமென்று கொண்டாடவில்லை.

எனக்கு விடை தந்தவர் ஞானியரல்லர். அன்று மாலை, சுவர் இடிந்து பள்ளிக்கூடத்தில் தஞ்சம் புகுந்திருந்த அண்டை வீட்டுப் பெண் எங்கள் கொல்லைக்கு வந்தார். விழுந்து கிடந்த மரத்தைக் கண்டதும் அம்மாவின் கையைப் பற்றிக்கொண்டு, "அக்கா, எத்தனை வருசம் எங்க வீட்டுக்கும் சேர்த்துக் காய்ச்ச மரம்!" என்றார். இருவரும் அழுதனர். மரத்துக்காகச் சிந்திய கண்ணீர் எது, வீட்டுக்காகச் சிந்தியது எது என்று என்னால் பிரித்தறிய இயலவில்லை. துயரத்தைத் தராசில் நிறுத்தவன் நான். வீட்டையே இழந்தவர் நிறுக்கவில்லை.

சிறு துயரம் தன்னுள்ளே கதவடைத்துக்கொண்டால் அது தன்னலமாகிவிடும் என்பது மெய்யே. ஆனால் அம்மா கதவை அடைக்கவில்லை. அவ்வேளையே உலை வைத்தார்; பெட்டியிலிருந்து இரண்டு புடவைகளை எடுத்துக் கொடுத்தார். சிறியதை இழந்து வருந்தத் தெரிந்தவர்க்கே பெரியதை இழந்தவரின் வாசல் தெரிகிறது. அவ்வாண்டு அத்தையின் வயலிலும் சம்பாப் பயிர் அழுகிற்று. நீர் வடிந்தபின், மேட்டுநிலத்தார் தம் வயலில் களைந்து கொடுத்த நாற்றைக் கொண்டு வெற்றிடங்களை நிரப்பினார். அவருடைய இழப்பைத் தம்முடையதாக எண்ணியவர்கள் கொடுத்த நாற்று அது.

முறிந்த முருங்கையிலிருந்து அம்மா இரண்டு போத்துகள் வெட்டினார். ஒன்றை எங்கள் கொல்லையில் ஊன்றினார். மற்றொன்றை அண்டை வீட்டார் மீண்டும் எழுப்பிய சுவரோரம் தாமே சென்று ஊன்றிவிட்டு வந்தார். இரண்டும் துளிர்த்தன. ஒவ்வொரு கூதிரிலும் காற்று வலுக்கும்போது, அம்மா முதலில் எட்டிப் பார்ப்பது அண்டை வீட்டு மரத்தைத்தான்.