முன்னே நடப்பவர் கடமை



மணலாய்க் கிடந்த நம் பாலாறு 2021 நவம்பரில் கரைபுரண்டதைக் கண்டீர்கள். மேலே எங்கோ பெய்த மழையும் சேர்ந்தே இங்கு வெள்ளமாயிற்று.

அமெரிக்காவின் அரிசோனாப் பாலைநிலத்தில் ஆன்டலோப் கேன்யன் என்னும் ஒடுங்கிய பாறை இடுக்கு உண்டு. உள்ளே நின்றால் வானம் ஒரு கீற்றாகவே தெரியும். 1997 ஆகஸ்ட் 12-ல், தொலைவில் பெய்த மழை வெள்ளமாய்ப் பாய்ந்து 11 பயணிகளைக் கொன்றது. அந்நிலத்துக்குரிய நவஹோ மக்கள் இன்று வழிகாட்டியோடு வருவோரை மட்டுமே உள்ளே விடுகிறார்கள்.

வழிகாட்டி இருந்தால் போதுமா? அன்றும் ஒரு குழு வழிகாட்டியோடுதான் சென்றது. வெள்ளத்தில் சிக்கியவர்களுள் பிழைத்தவர் அவர் ஒருவரே. ஆகவே பாதை அறிந்தால் மட்டும் போதாது. “இன்று வேண்டாம், திரும்புவோம்” என்று சொல்லும் துணிவே முன்னே நடப்பவர் கடமை. பணம் கட்டிவிட்டோமே என்று முணுமுணுக்காமல் திரும்புவது பின்னே வருபவர் கடமை.

பெற்றோரே, உங்கள் பிள்ளைகள் காணாத வானத்தை நீங்கள் பார்க்கிறீர்களா?