எப்போதாவது வரும் சேறு

புதிய வண்டியைக் கோவில் வாசலில் நிறுத்தி, மந்திரித்துத் தரும்படி கேட்பவர்கள் பலர். வாங்கும் முன்பே வந்து யோசனை கேட்பவர் அரியர். எழுமலைக்கு அப்பால் தோட்டத்து வீட்டில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அண்மையில் அப்படி வந்தார். "சாமி, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வாங்க நினைக்கிறேன். பெட்ரோல் அதிகம் குடிக்கும் என்கிறார்கள். என்றைக்கோ ஒருநாள் தேவைக்காகத் தினமும் எரிப்பது தவறாகுமா?" என்றார்.

நாம் இயந்திரநூல் கற்றவரல்லோம். ஆயினும் கேள்வி நம்மை விடவில்லை, தெரிந்தவர்களிடம் விசாரித்தோம்.

குடும்பங்கள் இன்று விரும்பி வாங்கும் உயரமான கார்களில் பெரும்பாலானவற்றை முன்சக்கரங்கள் இரண்டே இழுக்கின்றன. பின்சக்கரங்கள் வெறுமனே தொடர்கின்றன. 'ஆல் வீல் டிரைவ்' எனப்படும் வண்டியிலோ, கியர்பெட்டியிலிருந்து நீண்ட தண்டு ஒன்று தரைக்கடியில் பின்னோக்கி ஓடி, அங்கே மற்றொரு பற்சக்கரத் தொகுதியைச் சுழற்றுகிறது. இவற்றின் எடை ஏறக்குறைய ஓர் ஆளின் எடை. இறங்கவே இறங்காத பயணி ஒருவரை ஆயுள் முழுதும் ஏற்றிச் செல்வது போலத்தான். நல்ல சாலையில் இவ்வண்டிகளும் பெரும்பாலும் முன்சக்கர விசையிலேயே ஓடுகின்றன. சக்கரம் வழுக்கும்போதுதான் பின்னுக்கு விசை பிரிகிறது. ஆனால் விசை பிரியாத நேரத்திலும் பல வண்டிகளில் அந்தத் தண்டு சும்மா இருப்பதில்லை. சக்கரங்களோடு சேர்ந்து சுழன்று, கெட்டியான எண்ணெயில் உராய்ந்துகொண்டே வருகிறது. சேறே காணாத நாளிலும் சேற்றுக்கான கட்டணத்தைச் செலுத்துகிறோம்.

கட்டணம் எவ்வளவு? 2022இல் வெளிவந்த மாருதி சுசுகி கிராண்ட் விட்டாராவை எடுத்துக்கொள்வோம். கையால் கியர் மாற்றும் சாதாரண வகைக்கு லிட்டருக்கு 21.11 கிலோமீட்டர் என்றும், அதே எஞ்சினோடு நான்கு சக்கரமும் இழுக்கும் வகைக்கு 19.38 என்றும் நிறுவனம் அறிவித்தது. சோதனைக் கணக்கு இது. சாலையில் இரண்டும் குறையும். ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓடினால் வேறுபாடு சுமார் 42 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் 4,200 ரூபாய். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறும்; ஆகவே ஆண்டுக்கு 100 கிலோவை ஒட்டி வருகிறது. பணம் அவருடையது, புகை அவருடையது மட்டுமன்று.

பலர் இதைப் பாதுகாப்பு என்று நம்பி வாங்குகிறார்கள். நான்கு சக்கர விசை வண்டியைக் கிளப்பவும் ஏற்றவும் உதவும், நிறுத்த உதவாது. எல்லாக் கார்களுக்கும் பிரேக் நான்கு சக்கரங்களிலும் உண்டு. மழையில் உசிலம்பட்டிச் சாலையில் ஆடு குறுக்கே வந்தால் காப்பது நல்ல டயரும் நிதானமான வேகமுமே. கொடைக்கானல் மலைப்பாதையில் அரசுப் பேருந்து பின்சக்கர விசையை மட்டும் கொண்டே அத்தனை பேரை ஏற்றிச் செல்கிறதன்றோ? போடிக்கு மேலே ஏலத்தோட்டத்து மண்பாதையில் ஏறும் ஜீப்பின் கதை வேறு. அங்கே அது தேவை. ஓட்டுநரும் வேண்டிய இடத்தில் மட்டும் நெம்புகோலைத் தள்ளிக்கொள்வார்.

நாளையைப் பற்றிக் கவலைப்படுவது எப்போது பொருந்தும் என்ற வினாவைப் புனித தோமா அக்குவினார் எடுத்து ஆராய்கிறார். ஒவ்வொரு காலத்துக்கும் அதற்குரிய கவலை உண்டு. கதிர் அறுக்கும் கோடையிலேயே இலையுதிர் காலத்துத் திராட்சை அறுவடையை எண்ணிக் கலங்குவது மிகை என்பது அவர் கருத்து. அதற்காக முன்னேற்பாடே கூடாது என்று அவர் சொல்லவில்லை. முன்மதிக்கும் அச்சத்துக்கும் இடையே கோடு எங்கே என்பதுதான் சிக்கல்.

இவற்றையெல்லாம் ஆசிரியரிடம் சற்றுப் பெருமிதத்தோடே எடுத்துரைத்தோம். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: சில ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மழை இரவில் அவர் மனைவிக்குக் கைகால் இழுத்துக்கொண்டது. கார் தோட்டத்துப் பாதையின் கரிசல் சேற்றில் புதைந்தது. டிராக்டர் தேடிப்பிடித்து மருத்துவமனை சேர்வதற்குள் பொழுது விடிந்துவிட்டது. இன்றும் அந்த அம்மையாருக்கு வலக்கை எழும்பாது.

42 லிட்டர் கணக்கு நம் வாயில் கசந்தது. இந்த மனிதரிடமா அச்சத்தைப் பற்றிப் பாடம் நடத்தினோம்!

ஆயினும் ஒன்று கேட்காமல் இருக்க முடியவில்லை. ஈரக் கரிசல் டயரின் பள்ளங்களை அப்பி மூடிவிடும். தார்ச்சாலை டயரோடு நான்கு சக்கரமும் சுழன்றாலும், பிடிப்பில்லாத இடத்தில் நான்கும் புதையக்கூடும். மைலேஜ் போகட்டும், வண்டியின் விலையே ஒன்றரை இலட்ச ரூபாய் அளவுக்குக் கூடுகிறது. அந்தப் பணத்தில் பாதைக்குக் கிராவல் அடித்தால் என்ன? அவ்வழியில் வேறு வீடுகளும் இருக்கின்றனவே. அங்கும் இரவில் நோய் வராதா?

ஆசிரியர் தலைகுனிந்தார். பாதையின் பாதி பக்கத்துத் தோட்டக்காரருடைய பட்டாவில் இருக்கிறது. வரப்புத் தகராறில் இரு வீட்டாரும் பேசிக்கொள்வதில்லை. "அவரிடம் போய்க் கேட்பதற்கு வண்டியே வாங்கிவிடலாம், சாமி" என்றார்.

அந்தப் பக்கத்துத் தோட்டக்காரரும் நம் பங்குக்காரர்தாம். ஞாயிறு பூசை முடிந்ததும் முதல் ஆளாக வெளியேறுபவர். அவரை நிறுத்திப் பேசிப் பார்க்க நமக்கு இரண்டு வாரத் தவணை வேண்டும் என்றோம். அதுவரை முன்பணம் கட்டுவதில்லை என்று ஆசிரியர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.