மேகத்துக்குள் காது சொல்லும் பொய்

2021 டிசம்பர் 8 பிற்பகலில் குன்னூரிலிருந்து செய்தி வர ஆரம்பித்ததுமே பலர் வாயிலும் வந்த கேள்வி ஒன்றுதான்: இது யார் செய்த வேலை? முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தும் அவர் மனைவி மதுலிகாவும் வந்த ஹெலிகாப்டர் அது. சூலூரில் 11.48-க்குக் கிளம்பி 12.15-க்கு வெலிங்டனில் இறங்க வேண்டியது, 12.08 வாக்கில் தொடர்பு அறுந்து, காட்டேரிப் பக்கம் நஞ்சப்பசத்திரத்தில் மரங்களுக்கு நடுவே விழுந்து எரிந்தது. இருந்த 14 பேரில் 13 பேர் அன்றே போய்விட்டார்கள். குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் போராடி, டிசம்பர் 15 அன்று பெங்களூரில் இறந்தார்.

நஞ்சப்பசத்திரத்து மக்கள் யார், எவர் என்று கேட்டுக்கொண்டிருக்கவில்லை. குடங்களில் தண்ணீரும் வீட்டுக் கம்பளிகளும் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். விழுந்தவர்கள் யாரென்றே அவர்களுக்கு அப்போது தெரியாது. தூரத்தில் இருந்தவர்களுக்குத்தான் குற்றவாளி அவசரமாகத் தேவைப்பட்டார். இவ்வளவு பெரிய இழப்புக்குப் பின்னால் அதே அளவு பெரிய கை ஒன்று இருந்தாக வேண்டும் என்று மனம் அடம்பிடிக்கிறது.

ஏர் மார்ஷல் மானவேந்திர சிங் தலைமையிலான முப்படை விசாரணைக் குழு 2022 ஜனவரியில் முதற்கட்ட முடிவைச் சொன்னது. சதி இல்லை, இயந்திரக் கோளாறு இல்லை, அலட்சியமும் இல்லை. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியது; ஹெலிகாப்டர் மேகத்துக்குள் புகுந்தது; விமானிக்கு நிலை தடுமாறியது; இயங்கிக்கொண்டிருந்த ஹெலிகாப்டர் அப்படியே மலையில் மோதியது. பலருக்கு இதில் மனம் ஆறவில்லை. மேகத்தின் மீது கோபப்பட்டு என்ன செய்வது? எனக்கோ அந்த முடிவைப் படித்த பிறகுதான் துக்கமே பிடிபட்டது.

சின்ன வயதில் தட்டாமாலை சுற்றியவர்களுக்கு அந்த நிலைதடுமாற்றம் புரியும். சுற்றி நின்ற பிறகும் தரை ஓடிக்கொண்டே இருக்கும். நம் உட்செவியில் மூன்று அரைவட்டக் குழாய்கள், அவற்றுக்குள் திரவம். தலை திரும்பும்போது திரவம் கொஞ்சம் பின்தங்கும்; அதை வைத்துத்தான் மூளை 'திரும்புகிறோம்' என்று அறிகிறது. அதே திருப்பம் சீராக நீடித்தால் திரவமும் கூடவே ஓடத் தொடங்கிவிடும். உடனே காது, 'நேராகத்தான் போகிறோம்' என்கிறது. தரையில் கண் இந்தப் பொய்யைத் திருத்திவிடுகிறது. மேகத்துக்குள் கண்ணுக்குப் பிடிமானமாக ஒரு மரம்கூடக் கிடையாது. உடம்பு முழுவதும் ஒன்றைச் சொல்லும், எதிரே இருக்கும் கருவி வேறொன்றைச் சொல்லும். உடம்பை நம்பாமல் கருவியை நம்ப வேண்டும், அதுவும் நொடிகளுக்குள். ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவருக்கும் காது அதே காதுதான். மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும்போது பர்லியாறு தாண்டி மூடுபனி இறங்கினால், காரை ஓரங்கட்டி விளக்கைப் போட்டுக்கொண்டு நிற்கலாம். ஹெலிகாப்டருக்கு ஓரம் கிடையாது.

2024 டிசம்பரில் நாடாளுமன்றப் பாதுகாப்புத் துறை நிலைக்குழுவின் அறிக்கை வந்தது. 2017 முதல் 2022 வரை நடந்த 34 விமானப்படை விபத்துகளைச் சொல்லும் அதில், குன்னூர் விபத்துக்கான காரணம் விமானக் குழுவினரின் மனிதத் தவறு என்று இருந்தது. பொய் என்று நான் சொல்லவில்லை. அதோடு கோப்பை மூடுவதைத்தான் ஏற்க முடியவில்லை. பதில் சொல்ல ஓட்டியவர்கள் உயிரோடு இல்லை. வழியில் வானிலை மாறுவது விமானிக்கு எவ்வளவு முன்பே தெரிகிறது? மிகப் பெரிய பதவியில் இருப்பவர் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது 'திரும்பிவிடலாம்' என்று சொல்வது எவ்வளவு எளிது? அன்று இப்படி நடந்தது என்பதல்ல. அடுத்த விமானிக்காகக் கேட்கப்பட வேண்டியவை இவை. செத்தவர் தலையில் பழியை இறக்கிவைத்துவிட்டால் இவற்றை யாரும் கேட்க மாட்டார்கள்.

எந்தக் காரணமும் கிடைக்காத வீடுகளும் உண்டு. 2016 ஜூலை 22 காலை தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட விமானப்படையின் ஏ.என்.-32 விமானம் 29 பேரோடு வங்கக் கடலின் மேல் மறைந்தது. வாரக்கணக்கில் தேடியும் ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. செப்டம்பரில், இறந்துவிட்டதாகக் கருதலாம் என்று குடும்பங்களுக்குச் சொல்லப்பட்டது. படத்துக்கு மாலை போடுவதா, வேண்டாமா? திதி எந்த நாளில் கொடுப்பது? கருதலாம் என்ற பதிலை வைத்துக்கொண்டு ஒரு மனைவி எதை முடிவு செய்வாள்? ஏழரை ஆண்டு கழித்து, 2024 ஜனவரியில், சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில், தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கி அந்த விமானத்தின் சிதைவுகளைப் படமெடுத்ததாக அறிவித்தார்கள். இடம் தெரிந்தது. என்ன நடந்தது என்பது கடலடியிலேயே இருக்கிறது.

குற்றவாளி இல்லாத துக்கத்தை மனிதர்கள் எப்படியோ தாங்கிக்கொள்கிறார்கள். புயலிலும் வெள்ளத்திலும் பறிகொடுத்தவர்கள் தாங்கியிருக்கிறார்கள். விளக்கம் இல்லாத துக்கம்தான் ஆறுவதில்லை. குன்னூர் விசாரணையின் சுருக்கம் மட்டுமே பொதுவெளிக்கு வந்தது. ராணுவத்தில் மறைக்க வேண்டியவை இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கடைசி நிமிடங்களில் என்ன நடந்தது என்பது இறந்தவரின் வீட்டாரிடம் மறைக்க வேண்டிய ரகசியம் அல்ல. அவர்களை உட்காரவைத்து, கேட்கும் கேள்விக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்லி, பறக்கத் தெரிந்த ஒருவர் விளக்க வேண்டும். அதிலும் ஓட்டியவரின் குடும்பத்துக்கு முதலில். விசாரணை அறிக்கையைச் செய்தித்தாளில் அவர்கள் படிப்பதற்கு முன்பே.