தொலைவுக்குத் தண்டமா?

கல்விக்குக் கட்டணம் இல்லை என்கிறோம். பாடநூல் தருகிறோம், சீருடை தருகிறோம், நண்பகலில் உணவும் தருகிறோம். எல்லாம் தந்தோம், இனி ஏழைக்குக் குறையேது என்று பெருமிதமும் கொள்கிறோம். ஆனால், அவ்வளவும் வைக்கப்பட்டுள்ள இடம் இருபது கல்லுக்கு அப்பால் என்றால், இடையிலுள்ள அந்த வழிக்குக் கூலி கொடுப்பவர் யார்?

செஞ்சி வட்டாரத்துச் சிறு பேரூர் அனந்தபுரம். அங்கே பள்ளிப் படிப்பை முடித்த உழவர் வீட்டுப் பிள்ளை பட்டம் பெற விரும்பினால், விழுப்புரத்து அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியையோ, திண்டிவனத்துத் திரு ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியையோ நாட வேண்டியிருக்கலாம். ஒரு வழிக்கு 20 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். போக வர 40. மாதத்தில் 25 நாளைக்கு 1,000 ரூபாய்! பிள்ளைகள் இருவர் என்றால் இரண்டாயிரம். கூலி வேலைக்குச் செல்லும் தாய் என்ன செய்வாள்? ஒருவரை அனுப்புவாள், ஒருவரை நிறுத்துவாள். நிறுத்தப்படுவது யார்? பெரும்பாலும் பெண்தான். எந்தச் சட்டமும் அவளைத் தடுக்கவில்லை. எந்தக் கல்லூரியும் கதவடைக்கவில்லை. தொலைவு தடுத்தது, பயணச் சீட்டு கதவடைத்தது.

நகரத்தில், கல்லூரிக்கு அடுத்த தெருவில் பிறந்தவனுக்கு இந்தத் தண்டம் இல்லை. சிற்றூரில் பிறந்தது யார் செய்த குற்றம்? பிறப்பால் ஒருவனுக்கு இழிவு சேராது என்று பேசும் நாம், பிறந்த இடத்தால் மட்டும் ஒருவனுக்குச் சுமை சேரலாம் என்போமா?

தமிழகத்தில் இச்சுமையை அரசு தன் தோளில் ஏற்றிருக்கிறது. அரசுப் பேருந்துகளில் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயிலும் மாணவர்க்கும், அரசு கலைக் கல்லூரி, பாலிடெக்னிக், தொழிற்பயிற்சி நிலைய மாணவர்க்கும் கட்டணமில்லாப் பயண அட்டை உண்டு. தனியார் கல்லூரி மாணவர்க்குப் பாதிக் கட்டணச் சலுகை உண்டு.

இது கண்டு முகம் சுளிப்போர் உளர். “இலவசம் மக்களைச் சோம்பேறியாக்கும்” என்கின்றனர். சென்னை ஆயிரம் விளக்குப் பள்ளியில் 1920-இல் மாநகராட்சி உணவளிக்க முனைந்ததே, அந்த ஒரு வேளைச் சோற்றால் எந்தப் பிள்ளை சோம்பிக் கிடந்தது? உணவு பள்ளிக்கு அழைத்தது. அட்டை பள்ளிக்குக் கொண்டு சேர்க்கிறது. பொதுப்பணத்தில் போட்ட சாலையில் தன் காரை ஓட்டிச் செல்லும் செல்வர், தாம் பெறும் இலவசத்தை மட்டும் எண்ணிப் பார்ப்பதில்லை!

“வசதி படைத்தவன் மகனுக்கும் அட்டை எதற்கு?” என்பது இரண்டாம் கேள்வி. இதில் ஓரளவு நியாயம் தெரிகிறது. ஆயினும், ஏழைக்கு மட்டும் என்று விதித்தால், ஏழையென்று சான்று கேட்க வேண்டும்; சான்று காட்டி ஏறுபவனைப் பேருந்தே வேறாகப் பார்க்கும். ஒரு காலத்தில் இந்நாட்டில் பேருந்துகளில் தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுத்தனர். இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராயிருந்த டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியனார், மறுப்பவரின் உரிமம் பறிபோகும் என்று உறுதி காட்டியே அக்கொடுமையை ஒடுக்கினார். பிறப்பைக் கேட்ட வண்டி இன்று வறுமையைக் கேட்க வேண்டுமா? சீருடை ஒன்று, அட்டை ஒன்று, இருக்கை ஒன்று: அதுவும் ஒரு பாடமே!

மூன்றாம் கேள்வி, நட்டம் யாருக்கு என்பது. இதுவே நாம் ஊன்றி நோக்க வேண்டியது. அண்டை நாடான கேரளத்தைப் பாருங்கள். 1958-இல் குட்டநாட்டில் படகுப் போக்குவரத்தை அரசு மேற்கொண்டபோது, ஓரணா கொடுத்துப் படகேறிய மாணவரிடம் பத்துக் காசு கேட்கப்பட்டது. நாலு காசும் பெறாத வேறுபாடுதான். ஆயினும் ‘ஓரணாப் போராட்டம்’ மூண்டது. சிறு காசன்று, தினந்தோறும் கொடுக்கும் காசு என்பதை மாணவர் அறிந்திருந்தனர். அதே கேரளத்தில் தனியார் பேருந்துகளும் மாணவர்க்குச் சலுகை தர வேண்டும். 2022-இல் குறைந்த கட்டணம் 10 ரூபாயானபோதும் மாணவர்க்கு ஒரு ரூபாயே. நல்லதுதான்; ஆனால் அந்த இழப்பு முதலாளியின் பெட்டியில் விழுகிறது. ஆகவே, நிறுத்தத்தில் நிற்கும் மாணவன், பேருந்துக்காரர் கண்ணுக்குப் பயணியாகத் தெரிவதில்லை, இழப்பாகவே தெரிகிறான், சச்சரவும் ஓய்வதில்லை. சமுதாயம் செய்ய வேண்டிய கடமையைத் தனியொருவர் தலையில் கட்டினால், கடமை கசப்பாகும்.

தமிழகத்தில் 1972-இல் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் எழுந்தன. விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கழகம் 1975 முதல் 1997 வரை தந்தை பெரியார் பெயரைத் தாங்கி ஓடிற்று. மாணவர் சலுகைக்கான தொகையை இங்கு அரசு கழகங்களுக்கு ஈடு செய்கிறது. அஃதாவது, அட்டை காட்டும் சிறுவன் காசில்லாமல் ஏறுபவன் அல்லன்; அவனுக்கான காசை நாடு கொடுக்கிறது. இவ்வுண்மையை நடத்துனர் உணர்ந்தால், மாணவர் கூட்டத்தைக் கண்டு நிறுத்தம் தாண்டி வண்டியை நிறுத்தத் தோன்றாது. நிற்காத பேருந்துக்கு அட்டை எதற்கு? அது வெறுங் காகிதம்!

மாணவத் தோழர்க்கும் ஒரு சொல். நாடு கொடுத்த காசில் ஏறிப் படிக்கட்டில் தொங்குவது வீரமன்று. உள்ளே இடமிருந்தும் தொங்குபவர், அட்டையைப் பறிக்கக் காத்திருப்போர்க்கு ஆயுதம் தருகிறார். இடமே இல்லையெனில், குற்றம் மாணவருடையதன்று. கூடுதல் வண்டி கேட்பதே முறை.

2021 மே 8 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்கின்றனர். ஆனால் ஊருக்கு ஊர் ஓடும் புறநகர்ப் பேருந்துக்கு அது பொருந்தாது. கல்லூரிக்குச் செல்லும் சிற்றூர்ப் பெண்ணுக்கு இன்றும் அட்டையே துணை. ஆகவே, அது உரிய காலத்தில் கிடைக்கட்டும். கிடைக்கும்வரை சீருடையே அட்டையாகட்டும். காலையும் மாலையும் வண்டி நிற்கட்டும்.

ஈகை என்றால் கொடுப்பவர் விரும்பும் நாள்வரைதான். கடமை என்றால் நிறுத்த எவர்க்கும் உரிமையில்லை. நிறுத்தத்தில் காத்திருக்கும் அந்தப் பெண் நம்மிடம் ஈகை கேட்கவில்லை. கல்லூரியைத் தொலைவில் கட்டியவர்கள் நாம். அங்கே அவளைக் கொண்டு சேர்ப்பதும் நம் கடனே!