கருடனுக்குக் கன்னம், பருந்துக்குக் கல்

சித்திரை பிறந்து பத்து நாள் இருக்கும். கோவில்பதாகையில் நாங்கள் அப்போது வாடகைக்கு இருந்த வீட்டின் மொட்டை மாடி. காலை ஒன்பது மணிக்கே தளம் காலைச் சுட ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்காரம்மா வடகம் பிழிந்துகொண்டிருந்தார். நான் துணி உலர்த்தப் போயிருந்தேன். ஏழாவது படித்துக்கொண்டிருந்த என் மகள் கூட இருந்தாள். ஏரிப் பக்கமிருந்து செம்பருந்து ஒன்று தாழ வந்தது. வெள்ளைத் தலை, செங்கல் நிற உடம்பு. வீட்டுக்காரம்மா பிழிவதை நிறுத்திவிட்டு 'கிருஷ்ணா, கிருஷ்ணா' என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் போட்டுக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் கரும்பருந்து வந்தது. வடகத்தின் மேல் அதன் நிழல் விழுந்தது. 'சூ, சனியனே' என்று அந்தம்மா ஒரு ஓட்டுச்சில்லை எடுத்து வீசினார். நான் சும்மா நின்றேன்.

ராத்திரி சோறு தின்னும்போது மகள் கேட்டாள்: 'ஏம்பா, அதுக்குக் கன்னத்துல போட்டுக்கினியே, இதுக்கு ஏன் போடல? ரெண்டும் பருந்துதானே?'

நான் சாமி கும்பிடுகிறவன் இல்லை. எங்கள் வீட்டில் இருந்தது அம்பேத்கர் படமும் புத்தர் படமும்தான். அதுவும் உள்ளறையில். ஏன் உள்ளறையில் என்பது இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். வீடு தேடி அலைந்தபோது 'நீங்க இன்னா ஆளுங்க' என்ற கேள்விக்கு நாலு வாசலில் உண்மையைச் சொல்லித் திரும்பியவன், ஐந்தாவது வாசலில் மழுப்பினேன். அந்த மழுப்பல்தான் மாடியில் என் கையைக் கன்னத்துக்குக் கொண்டுபோனது. யாரும் போடச் சொல்லவில்லை. கை தானாகப் போனது. சாதி நம் உடம்புக்குள் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்பதை அன்று ஒரு பறவை எனக்குக் காட்டிக்கொடுத்தது.

மகளுக்கு என்னிடம் பதில் இல்லை. 'நாளைக்குக் காலையில ஏரிக்குப் போவோம். ரெண்டையும் பாப்போம்' என்றேன். அந்தக் கோடை முழுக்க, கத்திரி வெயில் முடியும்வரை, விடியற்காலையில் இரண்டு பேரும் ஏரிக்கரைக்குப் போனோம். இந்தக் கட்டுரை அந்த நடையில் பிறந்த ஒரு கேள்வியைப் பற்றியது. ஒன்றைப் பார்த்து அழகு என்று சொல்கிறோமே, அந்தப் பார்வை யாருடையது?

கோடையின் தொடக்கத்தில் ஏரிக்கரை சும்மா இருப்பதில்லை. வேம்பு பூத்துக் கொட்டிக்கிடக்கும். சரக்கொன்றை மஞ்சளாய்த் தொங்கும். குயில் விடாமல் கூவும். கூவுகிற கறுப்பு ஆண் காக்கையை இழுத்துக்கொண்டு பறக்க, புள்ளிபோட்ட பெட்டை காக்கைக் கூட்டில் முட்டை வைத்துவிட்டு வரும். இத்தனை நாளும் மண்நிறத்தில் கிடந்த மடையானுக்கு முதுகில் கருஞ்சிவப்பு ஏறியிருக்கும். இனப்பெருக்கக் காலத்துக்கு அது போட்டுக்கொள்ளும் சட்டை அது. முக்குளிப்பான் முங்கினால் எங்கே எழும் என்று நானும் மகளும் பந்தயம் கட்டுவோம். கரும்பருந்தின் குஞ்சுகள் கூட்டைவிட்டுக் கிளம்பியிருக்கும். உடம்பெல்லாம் வெளிறிய பொட்டுகளோடு மரக்கிளையில் உட்கார்ந்து தாயைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கும்.

இதெல்லாம் எத்தனை வருஷமாக அங்கே நடந்திருக்கும்? நான் பார்க்கவில்லை. பார்க்க நேரமில்லை என்று சொல்லலாம். அது பாதி உண்மை. மீதி உண்மை, இதெல்லாம் நமக்கில்லை என்று நானே ஒதுங்கிக்கொண்டதுதான்.

பார்க்கத் தொடங்கியதும் பெயர்கள் இடறின. நெற்றியில் வெள்ளையாகக் கேடயம்போல் உள்ள கறுப்பு நீர்ப்பறவைக்குத் தமிழில் நாமக்கோழி என்று பேர். வண்ணத்துப்பூச்சியைப் பல ஊர்களில் பாப்பாத்தி என்கிறார்கள். பளபளவென்று இருப்பதெல்லாம் யார் வீட்டுப் பெண் என்று பாருங்கள்! கறுப்பாக, அழுக்காக, நரகல் பக்கமாக இருப்பதற்கு யார் பேர் வரும் என்று ஊகிக்க வேண்டியதில்லை. தெருநாய்க்கு வெள்ளைக்காரன் வைத்த பேர் 'பறையா டாக்'.

பழைய புத்தகக் கடையில் மகளுக்காக ஒரு பறவைப் புத்தகம் வாங்கினேன். சாலிம் அலி 1941இல் முதலில் வெளியிட்ட இந்தியப் பறவைகள் நூலின் பழைய பதிப்பு ஒன்று. இரண்டு பருந்தையும் அவள் தேடிக் கண்டுபிடித்தாள். சத்தமாக வாசித்தாள். செம்பருந்து, 'பிராமினி கைட்'. கரும்பருந்து, 'காமன் பறையா கைட்'. வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் புத்தகத்தை வாங்கி மூடி வைத்தேன். பக்கத்து வீட்டுப் பையன் அங்கே உட்கார்ந்திருந்தான்.

அந்தப் பேர் சாலிம் அலி உண்டாக்கியது இல்லை. மதராஸ் படையில் மருத்துவராக இருந்த ஜெர்டன் 1862 முதல் 1864 வரை வெளியிட்ட இந்தியப் பறவைகள் நூலிலேயே 'பறையா கைட்' இருக்கிறது. வெள்ளைக்காரன் இங்கே வந்து பறவையை மட்டும் பார்க்கவில்லை. பறவையைப் பார்க்கிற கண்ணையும் இங்கே உள்ள மேல்சாதியிடமிருந்து கடன் வாங்கிக்கொண்டான். ஐரோப்பாவில் உட்கார்ந்து பெயரிட்டவனுக்கு அந்தக் கடன் தேவைப்படவில்லை. டச்சு நாட்டு பொட்டார்ட் என்பவர் 1783இல் இந்த இரண்டு பருந்துக்கும் அறிவியல் பெயர் வைத்தார். ஒன்றுக்கு 'இண்டஸ்', இன்னொன்றுக்கு 'மைக்ரன்ஸ்'. ஒன்று இந்தியாவுக்குரியது, மற்றது இடம்பெயர்வது, அவ்வளவுதான். இதில் இன்னொரு வேடிக்கை. 1832இல் சைக்ஸ் என்ற ராணுவ அதிகாரி நம் ஊர்க் கரும்பருந்தின் உள்ளினத்துக்குப் பேர் வைத்தார். என்ன பேர் தெரியுமா? 'கோவிந்தா'. கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டிய பேர் அறிவியல்படி கல்லடி படுகிற பருந்தின் மேல்தான் இருக்கிறது.

இன்றைய நூல்களில் 'பறையா கைட்' இல்லை. 'பிளாக் கைட்' என்று மாற்றிவிட்டார்கள். நல்லதுதான். ஆனால் 'பிராமினி கைட்' அப்படியே இருக்கிறது. 'பிராமினி' மைனாவும் இருக்கிறது. கீழே இருந்தவனின் பேரை நாகரிகம் கருதி எடுத்துவிட்டு, மேலே இருந்தவனின் பேரை அழகு கருதி வைத்துக்கொண்டார்கள். ஏணியின் கீழ்ப்படியை மட்டும் அறுத்தால் ஏணி போய்விடுமா?

பேரோடு போராடுவது நம் முன்னோர்களுக்குப் புதிதல்ல. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பேர் வைத்தார். எதைச் சொல்லி இழிவு செய்தார்களோ அதையே தூக்கிப் பிடித்தார். அயோத்திதாசர் அந்தப் பேரையே மறுத்தார். அது எதிரிகள் சுமத்தியது, நாம் பூர்வபௌத்தர்கள் என்றார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்று பத்திரிகை தொடங்கினார். இரண்டும் நம் வழிகள்தான். அதனால் எனக்கும் ஒரு ஆசை வந்தது: கரும்பருந்தை நம் பறவை என்று சொல்லி, அதைக் கொடியில் போட்டு, செம்பருந்தைப் பார்ப்பனப் பறவை என்று திட்டிவிட்டால் என்ன? பதாகை என்றாலே கொடிதானே. கருடக்கொடிக்கு எதிர்க்கொடி.

ஆனால் ஏரியில் நாங்கள் பார்த்தது அந்த ஆசையைக் கெடுத்தது. தண்ணீர் வற்றிய ஓரத்தில் செத்து மிதந்த மீனைச் செம்பருந்து கொத்திக்கொண்டு போனது. கோழிக்கடைக் குடலுக்குக் கரும்பருந்தோடு அதுவும் பாய்ந்தது. 'கருடன் கறி துன்னுது!' என்று மகள் கத்தினாள். அதுக்குத் தான் கருடன் என்று தெரியாது. மற்றதுக்குத் தான் பறையன் என்றும் தெரியாது. இரண்டுக்கும் பசி. நாம் இன்னொரு முறை அவற்றின் தலையில் சாதியை ஏற்றினால், ஜெர்டன் செய்ததைத்தான் தலைகீழாகச் செய்தவர்கள் ஆவோம்.

தீட்டு தின்கிற பொருளில் இல்லை என்பதற்குத் திருக்கழுக்குன்றத்தைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். அங்கே மலைக்கோயிலில் இரண்டு கழுகுகளுக்கு அர்ச்சகர் பொங்கல் ஊட்டுவதும், அதைப் பார்க்கச் சனம் கூடுவதும் போன நூற்றாண்டு வரை நடந்தது. அது மஞ்சள்முகப் பாறு. பிணமும் தின்னும், மலமும் தின்னும். மலம் தின்கிற பறவை கோயிலுக்குள் ரிஷி. மலம் அள்ளுகிற மனிதன் கோயிலுக்கு வெளியே. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம் வந்தன. பாதாளச் சாக்கடைச் சாவுகள் நின்றபாடில்லை. அப்படியானால் சிக்கல் மலம் அல்ல. எவனை ரிஷி என்று பார்ப்பது, எவனைத் தீட்டென்று பார்ப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்ட கண்தான் சிக்கல்.

இதையெல்லாம் ஒரு தோழரிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. 'வேங்கைவயலில் 2022இல் குடிதண்ணீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தானுங்க. நீ ஏரிக்கரையில் உட்கார்ந்து மடையான் சட்டை மாத்துறதைப் பாக்குற. வயிறு நிறைஞ்சவன் வேலைப்பா இது' என்றார்.

இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. பறவை பார்ப்பது ஓய்விலிருந்து பிறந்த பழக்கம்தான். இங்கிலாந்தில் அதற்குப் பெரிய முன்னோடி கில்பர்ட் ஒயிட். செல்போர்ன் என்ற கிராமத்துப் பாதிரியார். 1789இல் அவர் புத்தகம் வந்தது. தோட்டத்துப் பறவையையும் மண்புழுவையும் பொறுமையாகக் கவனித்து எழுதினார். தமிழ்நாட்டில் மா. கிருஷ்ணன் 1950 முதல் 1996இல் இறக்கும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் பத்தி எழுதினார். வீட்டுக் காக்கையும் அணிலும்கூட அவருக்குப் பொருட்டாக இருந்தன. இருவருமே கூலிக்குக் குனிந்தவர்கள் இல்லை. அதே இங்கிலாந்தில் செம்பழுப்புப் பருந்து ஒரு காலத்தில் லண்டன் தெருக்கழிவைத் தின்று வாழ்ந்தது. பிறகு அதைத் தீங்குயிர் என்று கொன்று தீர்த்தார்கள். வேல்ஸ் மலையில் சில ஜோடிகள் தப்பின. 1989இலிருந்து ஸ்பெயினிலிருந்தும் சுவீடனிலிருந்தும் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். இன்று கோடையில் அது வட்டமிடுவதைப் பார்க்கப் பிள்ளைகுட்டியோடு போகிறார்கள். பறவை மாறவில்லை, பார்வை மாறியது. அதற்கு இருநூறு வருஷம் ஆனது. இங்கே பார்வை மாறாததற்குக் காரணம் அறியாமை அல்ல. மாறாமல் இருப்பதில் சிலருக்கு லாபம் இருக்கிறது.

அதனால் தோழருக்கு என் பதில் இதுதான். ஏரிக்கரையில் உட்கார்வதால் வேங்கைவயலுக்கு நீதி வராது. அதற்குப் போராட்டம்தான் வேண்டும். போராட்டத்துக்குப் பதிலாக நான் பருந்தை முன்வைக்கவில்லை. ஆனால் ஓய்வும் ரசனையும் அவர்களுடையவை என்று நாமே விட்டுக்கொடுப்பது, குளமும் தெருவும் அவர்களுடையவை என்று விட்டுக்கொடுத்ததைப் போலத்தான். 1927இல் மகாத்தில் அம்பேத்கர் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தது தாகத்துக்காக மட்டும் அல்லவே.

இன்னொன்றும் உண்டு. நம்மவர்கள் பார்க்காதவர்கள் என்பது பொய். எங்க ஆயா படிக்காதது. நாலைந்து கோழி வளர்த்தது. கோழி அடித்தொண்டையில் ஒரு மாதிரிக் கொக்கரித்தால், தலை தூக்காமலே 'பருந்து வந்துச்சுடா, குஞ்ச மூடு' என்று கத்தும். தரையில் ஓடுகிற நிழலை வைத்தே பருந்தா, காக்காவா என்று சொல்லும். அதுவும் கல் எடுத்தது. ஆனால் அந்தக் கல்லுக்குக் காரணம் தீட்டு இல்லை. குஞ்சு போனால் நட்டம்.

அதே ஆயா நடவு வேலையின் நடுவே வரப்பில் உட்கார்ந்து கூழ் குடிக்கும்போது, உச்சி வெயிலில் மேலே சுற்றுகிற அதே பருந்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும். சூடேறிய தரையிலிருந்து எழுகிற காற்றின் மேல் ஏறி, இறக்கை அடிக்காமல், வாலை மட்டும் இப்படியும் அப்படியும் திருப்பி அது போகும். ஒரு நாள் என்னிடம் சொன்னது: 'பாரு நைனா, ரெக்கையே அடிக்காம போவுது. ஊர்த் தெரு மேலயும் போவுது, நம்ம தெரு மேலயும் போவுது. செருப்பக் கழட்டுன்னு அத ஒருத்தனும் சொல்லல.'

கோழிக்குஞ்சைத் திருடுகிற எதிரியைத்தான் ஆயா அப்படிப் பார்த்தது. கும்பிடவில்லை, இழிவு செய்யவுமில்லை. தனக்கு நட்டம் செய்கிற ஒன்றை அதன் அழகோடு சேர்த்துப் பார்க்க அதற்கு முடிந்தது. புனிதமும் தீட்டும் இல்லாத பார்வை என்று ஒன்று உண்டென்றால், அதை நான் புத்தகத்தில் பார்க்கவில்லை. அந்த வரப்பில்தான் பார்த்தேன். படித்து வேலைக்குப் போய், மாடி வீட்டில் குடியேறி, அதைத் தொலைத்தவன் நான்தான்.

கோடை முடிவதற்குள் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாடகைக்காக மழுப்பியதையும், படம் ஏன் உள்ளறையில் இருந்தது என்பதையும், கன்னத்தில் ஏன் போட்டுக்கொண்டேன் என்பதையும். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு பறவைப் புத்தகத்தை எடுத்து, 'பறையா', 'பிராமினி' இரண்டையும் பென்சிலால் அடித்துவிட்டு, ஓரத்தில் கரும்பருந்து, செம்பருந்து என்று எழுதினாள். 

படத்தைக் கூடத்தில் மாட்டினோம். மூன்றாம் மாதம் வீட்டுக்காரர் வீட்டைக் காலி பண்ணச் சொன்னார். மராமத்து வேலை இருக்கிறது என்றார். நான் மறுத்துப் பேசவில்லை, காரணமும் கேட்கவில்லை. அதே ஊரில் ஏரிக்கு இன்னும் கிட்டே ஒரு சின்ன வீடு கிடைத்தது. மொட்டை மாடி இல்லை. வாசலில் நின்றாலே இரண்டு பருந்தும் தெரிகிறது.