பதிவேட்டில் இல்லாத பெயர்கள்

கொல்லாமையைத் தலையாய அறமெனக் கொண்டவர் நாம். கொலையுண்டோரை எண்ணாது விடுதலும் ஒருவகை இம்சையாகுமோ? பண்ருட்டியில் ஓய்வுற்றிருக்கும் நம்மை இவ்வினா சில காலமாக உறுத்துகிறது.

பிரெஞ்சு எழுத்தாளர் பியர் பூல் 1952இல் வெளியிட்ட க்வாய் ஆற்றுப் பாலம் பற்றிய புதினத்தை ஆங்கில வழியே படித்திருந்தோம். ஜப்பானியரிடம் சிறைப்பட்ட ஆங்கிலேயப் படைத்தலைவர், பகைவருக்கே பாலம் அமைத்துப் பெருமை கொள்ளும் கதை அது. கடமை எங்கே ஆணவமாகத் திரிகிறது என்பதை விளக்க, அதனை வகுப்பில் பன்முறை எடுத்துரைத்தோம். ஒருநாள் மாணவி ஒருத்தி எழுந்து, “எங்கள் பாட்டியின் அண்ணன் மலேயாத் தோட்டத்துக்குப் போனவர், டீச்சர். சண்டையின்போது சயாமுக்குக் கொண்டுபோனார்களாம், திரும்பவே இல்லை. அவர் போன்றவர்கள் கதையில் வருகிறார்களா?” என்றாள். “இல்லையம்மா” என்று கூறிப் பாடத்தைத் தொடர்ந்தோம்.

ஓய்வுக்குப் பின், மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ என்னும் தமிழ்ப் புதினம் கைக்கு வந்தது. அதன்பின்னரே வரலாற்றைத் தேடினோம். 1942–43இல் சயாமையும் பர்மாவையும் இணைத்து அமைக்கப்பட்ட அப்பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். அங்கு மாண்ட போர்க்கைதிகள் 12,000க்கும் மேற்பட்டோர். ஆசியத் தொழிலாளருள் இறந்தோர் ஏறத்தாழ 90,000 என மதிப்பிடுவர். அதனினும் மிகுதி என்பாரும் உளர். காலராவும் மலேரியாவும் பட்டினியும் கொன்ற அவர்களுள் மலேயாத் தோட்டத் தமிழர் ஆயிரமாயிரம். காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசையாக உள்ளன. தொழிலாளருக்கோ முறையான பெயர்ப்பட்டியலும் இல்லை.

பூல், போருக்கு முன் மலேயாவின் ரப்பர்த் தோட்டத்தில் பணிபுரிந்தவரே. எனினும் அவரைக் குறைகூறோம். புதினம் குடிக்கணக்கு அன்று. அண்டையிலுள்ள நெய்வேலியில் மேல்மண்ணை அகற்றிய பின்னரே பழுப்பு நிலக்கரி வெளிப்படுகிறது. மேல்மண்ணோடு நின்றுவிட்ட குற்றம் படித்த நம்முடையது.

ஓரறிவுயிர் முதலாக உயிர்களை வகுத்தெண்ணும் மரபினர்க்கு, ‘பல்லாயிரவர்’ என்னும் ஒரு சொல்லில் மாந்தரை அடக்கிவிடுதல் தகுமோ? கவனமின்மையே இம்சைக்கு வாயில் என்பது நம் பெரியோர் கண்ட உண்மையன்றோ!

அன்பர்களே, உங்கள் இல்லத்து முதியோரிடம் மலேயா சென்று மீளாதவர் உண்டா என வினவுங்கள். பெயரை எழுதி வையுங்கள். வகுப்பில் நாள்தோறும் பெயரழைத்துப் பதிவேட்டில் குறித்தவர் நாம். ஆயினும் அன்று அம்மாணவியிடம் அவர் பெயர் யாதெனக் கேட்டோமில்லை.